ஆறிலிருந்து ஏழு வரை

புதன்கிழமை மதியம் அண்ணன் கூப்பிட்டபோது அவள் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிட மறந்து கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முதலீட்டுக் குழு கூடுகிறது. அதற்கான அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் நூற்று நாற்பது பக்கம் அவள் எழுதியது.

பழைய நிலக்கரி மின்நிலையத்தை அடுத்த ஆண்டு இறுதியில் மூடிவிட்டு, அதே இடத்தில் சூரியத் தகடுகளையும் ஒரு பெரிய பேட்டரி நிலையத்தையும் கொண்டுவருவது திட்டம். பகலில் தகடுகள் ஊருக்கும் மின்சாரம் கொடுக்கும், பேட்டரியையும் நிரப்பும். பொழுது சாய்ந்த பிறகு பேட்டரி நான்கு மணிநேரம் தாங்கும். அதற்குள் ஊர் அடங்கிவிடும். மிச்ச இரவை மற்ற நிலையங்கள் பார்த்துக்கொள்ளும். அந்த நான்கு மணிநேரம் அவளுடைய கணக்கிலிருந்து வந்தது. நான்குக்கு மேல் ஒன்றும் வேண்டாம், குறைந்தாலும் ஆகாது என்று மூன்று கூட்டங்களில் எழுந்து நின்று சொல்லியிருந்தாள்.

ஒரு வருடத்துக்கு எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணிநேரம். ஒவ்வொரு மணிக்கும் ஊருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், சூரியன் எவ்வளவு தரும் என்று வரிசை வரிசையாகப் பார்ப்பதுதான் அவள் வேலை. எந்தக் கூட்டத்திலும் அந்த எண்ணைச் சொல்லாமல் அவள் உட்கார்ந்ததில்லை. அதனால் அலுவலகத்தில் அவளுக்கு முன்னால் 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'எட்டாயிரம்'. அது அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

அண்ணனுக்கு வேலை மூடப்போகிற அந்த நிலையத்தில்தான். இருபத்தாறு வருடமாகக் கட்டுப்பாட்டு அறையில். இப்போது ஷிப்ட் மேற்பார்வையாளன். அவன் ஷிப்டில் நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். புதிய பேட்டரி நிலையத்துக்கு வருகிறேன் என்று எழுதலாம், தொலைவில் இருக்கும் வேறொரு நிலையத்துக்கு மாற்றல் கேட்கலாம், அல்லது விலகிக்கொள்ளலாம். ஒன்றைத் தேர்ந்தால் மற்ற இரண்டும் போயிற்று. நாற்பத்தொரு பேரும் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இவள் முகத்தைப் பார்த்தான்.

போன வாரம் அவன் கேட்டிருந்தான்: "புது நிலையம் தாங்கும்னு வாயால சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க பாப்பா. காட்டறதுக்கு ஒரு பேப்பர் குடு." நாற்பத்து நான்கு வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். அறிக்கை குழுவின் மேஜைக்குப் போகும் முன் வெளியே போகக் கூடாது என்பது விதி. ஒரே ஒரு பக்கம்தானே, சொந்த அண்ணன்தானே என்று அனுப்பிவைத்தாள். வருடத்தின் மிகக் குறுகிய பகலுக்கான பக்கம் அது. இருபத்து நான்கு வரிசை. அந்த நாளே தாங்கும் என்றால் எந்த நாளும் தாங்கும் என்று நினைத்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

இப்போது அதைப் பற்றித்தான் அழைத்திருந்தான். பின்னணியில் விசிறிகளின் இரைச்சல் கேட்டது. பசங்களோடு உட்கார்ந்து படித்தோம், நன்றாகப் புரிகிறது, அருமையாகப் போட்டிருக்கிறாய் என்று நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு, ஒரே ஒரு சின்னச் சந்தேகம் என்றான். பதினெட்டு என்று போட்ட வரிசை சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரைதானே. அதில் சூரியன் அறுபத்திரண்டு மெகாவாட் தருவதாக இருக்கிறது. அந்த மாதத்தில் ஆறு மணிக்கு ஷிப்ட் பஸ் ஹெட்லைட் போட்டுக்கொண்டல்லவா வரும்.

"உங்க ஆபீஸ் சூரியன் ஓவர்டைம் பாக்கறாரோன்னு பசங்க கேக்கறாங்க" என்றான்.

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணா, அது மாடல். இப்படி ஒரு வரியப் பிடிச்சுக்கிட்டுப் பாக்கக் கூடாது. மொத்தமாத்தான் பாக்கணும்."

"அப்படியா? சரி சரி. நான் என்னத்தக் கண்டேன்" என்றான் அண்ணன். அந்தக் குரலில் வருத்தம் இல்லை. அவன் எப்போதும் அப்படித்தான். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் கல்லூரியை விட்டுவிட்டு வேலைக்குப் போனவன், அவள் படித்தாள். அதைப் பற்றி அவன் ஒரு நாளும் பேசியதில்லை. 'நான் என்னத்தக் கண்டேன்' என்பது மட்டும் வீட்டில் எல்லாப் பேச்சின் முடிவிலும் வரும், தட்டைக் கழுவி வைப்பது போல.

தொலைபேசியை வைத்தபின் அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு டப்பாவை மூடினாள்.

பதினெட்டாம் வரிசையைத் திறந்தாள். அறுபத்திரண்டுதான். அந்த நாளில் சூரியன் மறைவது ஐந்து நாற்பதுக்கு. ஆறு மணிக்கு மேல் அறுபத்திரண்டு எப்படி வரும்? இந்த எண்ணை அவள் நூறு தடவையாவது பார்த்திருப்பாள். எண்ணைப் பார்த்தாள், வானத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு இடங்களிலிருந்து வந்த தரவுகள் அவை. ஊருக்கு வேண்டிய மின்சாரத்தின் அளவு விநியோக மையத்திலிருந்து வந்தது. அங்கே மணி தொடங்கும்போதே பெயர் வைத்துவிடுவார்கள்; பதினெட்டு என்றால் ஆறிலிருந்து ஏழு. சூரிய ஒளியின் அளவு அளவீட்டு நிலையங்களிலிருந்து வந்தது. அங்கே மணி முடிந்த பிறகுதான் எழுதுவார்கள். பதினெட்டு என்றால் ஐந்திலிருந்து ஆறு. அவரவர் பழக்கம் அவரவருக்கு. இரண்டும் சரி. அவள் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். ஒட்டும் முன் சரிபார்த்தும் இருந்தாள்: இதிலும் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது வரிசை, அதிலும் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது வரிசை. பொருந்துகிறது என்று பச்சை நிறத்தில் ஒரு குறி போட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

காகிதத்தில் சூரியன் தினமும் ஒரு மணிநேரம் தாமதமாக எழுந்து, ஒரு மணிநேரம் தாமதமாக மறைந்துகொண்டிருந்தது. காலையில் போனது மாலையில் வந்துவிடுவதால் வருட மொத்தத்தில் ஒரு யூனிட்கூட வித்தியாசமில்லை. அதனால்தான் வெளியிலிருந்து வந்து சரிபார்த்த இரண்டு நிறுவனங்களின் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் மொத்தத்தைத்தான் பார்த்தார்கள். மொத்தமாகத்தான் பார்க்க வேண்டும் என்று ஐந்து நிமிடத்துக்கு முன் அவளே சொன்னாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். பக்கத்து மேஜைக்காரன் ஏதோ கேட்டதற்கு ஆமாம் என்றாள். என்ன கேட்டான் என்று தெரியாது. திரும்பி வந்து சூரிய ஒளியின் எண்களை ஒரு வரிசை மேலே நகர்த்தி, கணக்கை மறுபடி ஓடவிட்டாள். ஓடி முடிய இருபத்தைந்து நிமிடம் ஆகும்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் அவள் தன்னைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டாள். திரையின் மேல் ஓடிய நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, அண்ணன் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். ஊர் இருளக் கூடாதே என்பதற்காக அல்ல. அண்ணன் சொல்லி, அது சரியாகிவிடக் கூடாதே என்பதற்காக. இவ்வளவு சின்ன மனசா தனக்கு என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டுதல் நிற்கவில்லை.

முப்பத்தேழு. வருடத்தில் முப்பத்தேழு மாலைகளில், ஊர் அடங்கும் முன்பே பேட்டரி காலியாகிவிடுகிறது. சில நாள் பத்து நிமிடம் இருட்டு. மிக மோசமான நாளில் ஐம்பத்தைந்து நிமிடம். ஐந்தாவது மணிக்கும் பேட்டரி வேண்டும். அதாவது கால்வாசி கூடுதல். அதாவது பதினான்கு மாதம் இழுபறியாகப் பேசி முடித்த முதலீடு, கடன் நிபந்தனை எல்லாம் முதலிலிருந்து.

மாலை ஐந்து மணிக்கு இயக்குநரின் அறைக்குப் போனாள்.

இயக்குநர் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. பதினொரு வருடமாக இந்த ஒரே திட்டத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர். இரண்டு முறை குழு திருப்பி அனுப்பியது. குழுவில் நிதித் துறை உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். எந்த வாக்கியத்தையும் 'ஆனால்' என்றுதான் தொடங்குவார். அலுவலகமே அவரை 'ஆனால்' என்றுதான் சொல்லும். நிலக்கரியை இன்னும் பத்து வருடம் ஓட்டினால் என்ன என்று எப்போது வேண்டுமானாலும் கேட்கத் தயாராக இருப்பவர். கண்கொத்திப் பாம்பாக ஓட்டை தேடிக்கொண்டிருப்பவர்.

அவள் சொன்னதை இயக்குநர் குறுக்கிடாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது மேடம்" என்றாள். பொய் எவ்வளவு வழவழவென்று வருகிறது என்று உள்ளே ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். களைத்த குரலில் வழி சொன்னார். வெள்ளிக்கிழமை கையெழுத்தாகட்டும். ஒப்பந்தத்தில் ஆறு மாதம் கழித்து வடிவமைப்பு மறுஆய்வு என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஐந்தாவது மணியை அங்கே நுழைத்துவிடலாம். அதுவரை காதும் காதும் வைத்த மாதிரி இருக்கட்டும்.

மறுஆய்வில் எதையாவது கூட்டி அவள் பார்த்ததில்லை. குறைத்துத்தான் பார்த்திருக்கிறாள். தொகை ஒருமுறை பூட்டப்பட்ட பிறகு, வேலியின் உயரம், கேபிளின் தடிமன், காவலர் அறையின் கூரை என்று ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். இது இயக்குநருக்கும் தெரியும். அவள் அதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"உங்களுக்குப் பயமா இருக்கு. எனக்கும்தான்" என்றார். "வெள்ளிக்கிழமை நீங்க வாயத் திறந்தா அந்தப் புகைபோக்கி இன்னும் பத்து வருஷம் புகையும். எட்டாயிரத்து எழுநூத்து அறுபதைப் பத்தால பெருக்கிப் பாருங்க. அந்த மணிக்கெல்லாம் யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளைப் படுத்தியது. இயக்குநர் தப்பான ஆளாக இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிவெடுத்திருப்பாள்.

வியாழக்கிழமை முழுவதும் அலுவலகம் கல்யாண வீடு போல இருந்தது. அறிக்கைகளுக்கு உறை போட்டார்கள். குழு அறையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். பிரிண்டர் ஓயவில்லை. அவள் எழுதிய பக்கங்கள் சுடச்சுட வெளியே வந்து விழுவதை நின்று பார்த்தாள். 'நான்கு மணிநேரம் போதுமானது' என்ற வாக்கியம் எழுபத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது. இருபது பிரதி, இருபது முறை அது விழுந்தது. இப்போதே பேசிவிடலாம், குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்று மேஜைக்குப் போவாள். 'மதிப்பிற்குரிய' என்று தட்டுவாள். அழிப்பாள். சரி, மறுஆய்வில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து எழுந்துகொள்வாள். கழிவறைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்ததும் அந்த முடிவும் கரைந்துபோகும்.

அண்ணன் இரண்டு முறை அழைத்தான். எடுக்கவில்லை. மூன்றாம் முறை அண்ணியின் எண்ணிலிருந்து வந்தது. அதையும் எடுக்கவில்லை. 'மீட்டிங்' என்று ஒரு வார்த்தை அனுப்பினாள். அண்ணியிடமிருந்து பதில் வந்தது: படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறி போடுவதென்று உன் அண்ணன் உன்னைத்தான் கேட்கச் சொல்கிறார், சாப்பிட்டாயா?

வீட்டில் கணவர் அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டார். என்ன என்று கேட்டதற்கு நாளைக்குக் கூட்டம் என்றாள். எத்தனையோ கூட்டம் பார்த்தாயிற்று, இதற்கு மட்டும் என்ன என்றார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். தப்பைச் சொல்வதற்குப் பயமா, தப்புச் செய்தவள் என்று தெரிந்துவிடுவதற்குப் பயமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். முதலாவது என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருந்தது. நாற்பத்து நான்கு வருடத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து, அவள் கணக்கு தப்பாது என்ற பேர்தான். பள்ளிக்கூடத்தில் சம்பாதித்தது, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதித்தது. அந்தப் பேருக்காகத்தான் அண்ணன் கல்லூரியை விட்டான் என்றுகூடச் சொல்லலாம். அதை வைத்துக்கொண்டுதான் அவனிடம், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பார்க்காதே என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, அலுவலகக் கட்டடத்தின் வாசலில் நின்றுகொண்டு அவனை அழைத்தாள். படிவங்களை யாராவது கொடுத்துவிட்டார்களா என்று கேட்டாள். என் மேஜையில் அடுக்கி வைத்திருக்கிறேன், ஒன்றும் போகவில்லை என்றான். சாயங்காலம் வரை வைத்திருக்க முடியுமா என்றாள்.

கதவைச் சாத்தினான் போலிருக்கிறது, விசிறியின் இரைச்சல் குறைந்தது.

"அப்ப நாங்க கேட்டது சரிதானா?"

அவள் தொலைபேசியை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பாப்பா, நான் குத்தம் சொல்லல. ஆனா கரண்டு பத்தலன்னா எந்த ஏரியாவ அணைக்கிறதுன்னு முடிவு பண்றது நாங்கதான். நான் பண்ணியிருக்கேன். ஒரு தெருவ அணைப்பேன், அடுத்த நிமிஷம் போன் அடிக்கும். ஆஸ்பத்திரியா, வீட்ல மிஷின் வச்சு மூச்சு விடற ஆளான்னு தெரியாமத்தான் எடுப்பேன். புது நிலையத்துக்குப் போனா அந்த நாற்காலியில நான்தான் உக்காரணும். எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சாயங்காலம் சொல்றேண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். முப்பத்தேழு என்ற எண்ணுக்கு அதுவரை முகம் இல்லை. இப்போது அது ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அடிக்கிற தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்குக் குழு கூடியது. நீள மேஜை, பதினான்கு பேர். கடன் தரும் வங்கிகளின் சார்பில் ஒரு பொறியாளர் வந்திருந்தார். குட்டையாக, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண். தலைவர் இரண்டு வார்த்தை பேசினார். இயக்குநர் திட்டத்தை விளக்கினார். குரல் உறுதியாக இருந்தது. இவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை. 'ஆனால்' இரண்டு கேள்வி கேட்டு நூல் விட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. அடுத்து அவள் முறை. பதினைந்து படங்கள், பன்னிரண்டு நிமிடம்.

எழுந்து நின்றாள். முதல் படம் திரையில் வந்தது. நான்கு மணிநேரம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, "இதைக் காட்டும் முன்னால நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

சொன்னாள். இரண்டு தரவுகள், இரண்டு பழக்கங்கள், நடுவில் தன் பச்சைக் குறி. எளிமையாகத்தான் சொன்னாள், சொல்லும்போது அது சின்னக் குழந்தை செய்த தப்பு போலக் கேட்டது. நான்கு போதாது, ஐந்து வேண்டும் என்றாள். யாரோ தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. இயக்குநர் முன்னால் இருந்த காகிதத்தின் ஓரத்தை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

வங்கிப் பொறியாளர்தான் முதலில் பேசினார். எத்தனை மாலை என்று கேட்டார். முப்பத்தேழு. மிக நீளமானது? ஐம்பத்தைந்து நிமிடம். அவர் எழுதிக்கொண்டார். தன் குரல் கேட்கும்படியாக இருப்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவுதான், உயிர் போய்விடவில்லை என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போது பொறியாளர் தலை நிமிராமலே கேட்டார்.

"ரெண்டு கம்பெனி பாத்தும் தெரியல. எங்க ஆளுங்களும் பாத்தாங்க. யார் கண்டுபிடிச்சது?"

மறுபடி சரிபார்த்தபோது தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை, சரிபார்த்தது அவள்தான். வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் பேரில் பாதியாவது மிஞ்சும். தப்பைத் தானே கண்டுபிடித்துத் தானே சொன்னவள் என்று ஒரு மரியாதைகூடக் கிடைக்கும். அந்த மரியாதை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைச் சாப்பிட்டுத்தான் இத்தனை வருடம் வளர்ந்திருந்தாள்.

"என் அண்ணன்" என்றாள். "பழைய நிலையத்துல ஷிப்ட் மேற்பார்வையாளர். ஒரு பக்கத்த அவர்கிட்ட குடுத்திருந்தேன். படிச்சுட்டுக் கேட்டார். நான் முதல்ல நம்பல."

இயக்குநர் கண்களை மூடித் திறந்தார். 'ஆனால்' நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆனால், குழுவுக்கு வரும் முன் அறிக்கை நிலையத்து ஆட்கள் கைக்குப் போயிருக்கிறது, அப்படித்தானே என்றார். ஆனால், மூடப்போகிற நிலையத்தில் வேலை பார்க்கிறவர் தங்கைக்கு ஒரு சந்தேகம் சொல்கிறார், மறுநாள் திட்டத்தின் கணக்கு மாறுகிறது, இதைக் குழு எப்படி எடுத்துக்கொள்வது என்றார். குரலில் உண்மையான வியப்பு இருந்தது. திட்டத்தை எதிர்க்க அவர் பல வருடமாகத் தேடிய ஓட்டை, இப்படி இரண்டு பக்கமும் திறக்கும் என்று அவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கணக்கு தப்பு என்றால் திட்டம் தப்பு. அண்ணன் சொல்லித்தான் தப்பு என்றால் தப்பே பொய்யாகவும் இருக்கலாம்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் இதுவரை பயந்ததெல்லாம் தப்பு வெளியே வந்துவிடுமே என்றுதான். உண்மையைச் சொன்ன பிறகும் அதை நம்பாமல் போவார்கள் என்பது அவள் கணக்கில் இருக்கவேயில்லை.

கடைசியில் வங்கிப் பொறியாளர் பேனாவை மூடினார். "யார் சொன்னா என்ன? பொழுது எப்ப சாயுதுன்னு பாக்க ஒரு ஜன்னல் போதும். நாங்களே ஓட்டிப் பாக்கறோம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அரை மணிநேரம் பேசினார்கள். கையெழுத்து ஆறு வாரம் தள்ளிப்போனது. வங்கிகள் தங்கள் ஆட்களை வைத்துக் கணக்கை முழுவதுமாக மறுபடி செய்யும். ஐந்தாவது மணிக்குக் கூடுதல் முதலீடு கிடைக்குமா, இல்லை பழைய நிலையத்தின் ஒரு கொதிகலனை இன்னும் சில வருடம் சூடாக வைத்திருப்பதா, இல்லை திட்டத்தையே மூட்டை கட்டுவதா என்பது அதற்குப் பிறகு. அதுவரை அவள் இந்தக் கோப்பைத் தொடக் கூடாது. பக்கம் வெளியே போனதைப் பற்றித் தனியாக விளக்கம் எழுதித் தர வேண்டும். தலைவர் இதையெல்லாம் வருத்தத்தோடுதான் சொன்னார்.

இயக்குநர் தாழ்வாரத்தில் அவளைக் கடந்து போனார். நாலு அடி போய் நின்றார். "யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்க" என்றார். திட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். லிப்ட் வந்தது, இயக்குநர் மட்டும் ஏறினார்.

படிக்கட்டில் ஆள் இல்லை. மூன்றாம் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவில் உட்கார்ந்து அண்ணனை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டது சரி, நான்கு போதாது, தப்பு என்னுடையது. ஆறு வாரம் தள்ளிவிட்டார்கள்.

"யார் கேட்டதுன்னு விசாரிச்சாங்களா?"

"விசாரிச்சாங்க. நீதான்னு சொல்லிட்டேன். உன்கிட்டயும் கேக்க வருவாங்கண்ணா. என்னால உனக்கு வம்பு."

அவன் மூச்சு விடுவது கேட்டது. பயந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கியிருப்பான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இருபத்தாறு வருஷத்துல என் பேரு அந்த மேஜைக்குப் போனது இதான் முதல் தடவ" என்றான். கேலியா, கசப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "சரி, அத விடு. பசங்க வெளிய நிக்கறாங்க. அஞ்சு மணிக்குப் படிவம் போயாகணும். தேதியத் தள்ளி வைப்பாங்களா?"

படிவத்தின் தேதியைப் பற்றி அந்த மேஜையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளும் பேசவில்லை. நாற்பத்தொரு பேரை அவளும் மறந்திருந்தாள்.

"கேட்டுச் சொல்றேன். ஆனா இப்ப அங்க என் பேச்சு எடுபடாது."

"புது நிலையம் வருமா வராதா? அத மட்டும் சொல்லு. நான் என்ன சொல்லட்டும் அவங்களுக்கு?"

ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லலாமா என்று பழக்கதோஷத்தில் மனம் தேடியது. அறுபது சதவீதம், எழுபது சதவீதம் என்று. அவன் நம்புவான். அவர்களும் நம்புவார்கள்.

"தெரியலண்ணா" என்றாள்.

அவள் வாயிலிருந்து அண்ணன் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. அந்தப் பக்கம் யாரோ கதவைத் திறந்து, என்னண்ணே ஆச்சு என்று கேட்டார்கள்.

"சரி" என்றான். "தெரியலன்னே சொல்றேன். தெரியாம எப்படிக் கையெழுத்துப் போடறதுன்னு கேட்டு எல்லாருமாச் சேர்ந்து மேல எழுதிக் குடுக்கறோம். நீ போய் முகத்தக் கழுவு."

தொலைபேசியை வைக்க மறந்துவிட்டான் போலிருக்கிறது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பல பேர் ஒரே நேரத்தில் உள்ளே வரும் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணன் உட்காருங்கப்பா என்றான். அவள் படிக்கட்டில் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் எப்படித் தொடங்கப்போகிறான் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.